மூன்றாவது மாடியில் ரெய்டு

“இன்னிக்கு வீட்ல ரெய்டு. முடிய ராத்திரி பதினொண்ணு ஆயிடும்” என்று ஒருவர் லிஃப்டில் நின்று போனில் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்? நாலாவது மாடி மாமாவும் அதைத்தான் நினைத்தார். அரை மணி நேரத்தில் சேதி குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. “பார்த்தா சாதுவா இருக்காரு, எவ்வளவு சேர்த்து வச்சிருக்காரோ!”

சேர்த்து வைத்திருந்தது நாலு ஹார்ட் டிஸ்க்.

ரெய்டுக்காரர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வேலை, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய கேபிள் வைத்திருப்பார். தூக்கிப் போடச் சொன்னால் கோபம் வரும். ஹாலில் டிவிக்குக் கீழே, ஒரு காலத்தில் கொலு பொம்மைகள் இருந்த அலமாரியில், விளக்குகள் சிமிட்டியபடி ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஆயுத பூஜையன்று வண்டிக்கு அடுத்து சந்தனம் குங்குமம் அதற்குத்தான்.

“ரெய்டுன்னா என்ன?” என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் 1988-இல் இருந்து ஆரம்பிப்பார். அந்த ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கம்ப்யூட்டர்களுக்கான விலையுயர்ந்த ஒற்றை டிஸ்குக்குப் பதிலாக, பிசியில் போடும் மலிவான குட்டி டிஸ்குகளைக் கூட்டுச் சேர்க்கலாம், ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி அமைக்கலாம் என்பது சாரம். ரெய்டு என்ற பெயரின் நடுவில் இருந்த ‘ஐ’ அப்போது ‘இன்எக்ஸ்பென்சிவ்’, அதாவது மலிவு. பின்னாளில் அதை ‘இண்டிபெண்டெண்ட்’ என்று மாற்றிவிட்டார்கள். மாற்றியது எவ்வளவு நியாயம் என்பது நம்மவரின் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்தால் தெரியும்.

டிஸ்க் வாங்கும் கதை தனி. சென்னை ரிச்சி தெருவில் முதல் கடையிலேயே நாலும் இருந்தன. விலையும் படிந்தது. ஆனால் இரண்டுதான் வாங்கினார். ஒரே நாளில், ஒரே பேட்சில் தயாரான டிஸ்குகள் ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகள் மாதிரி; ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்ததற்கும் வரலாம். அதனால் மீதி இரண்டுக்கு வெயிலில் இன்னும் ஆறு கடை ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, “வேற பேட்ச் இல்லீங்களா?” என்றார். கடைப்பையன் இவரைப் பார்த்த பார்வை, கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் ஆளைக் காய்கறிக்காரம்மா பார்க்கும் பார்வை.

வீட்டில் அடுத்த விசாரணை காத்திருந்தது.

“நாலு டெராபைட்டுல நாலு. பதினாறுக்குக் காசு குடுத்துட்டு எட்டுதான் இருக்குங்கறீங்க. மீதி எட்டு எங்கே போச்சு?”

“அது ரெய்டு 6. எந்த ரெண்டு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது. ரெய்டு 5 போட்டா பன்னெண்டு கிடைக்கும். ஆனா ஒண்ணு போனாத்தான் தாங்கும்.”

“ரெய்டு 0-ன்னு ஏதோ சொன்னீங்களே, அதுல பதினாறும் கிடைக்குமாமே?”

“அதுல வேகம் இருக்கு. எவ்வளவு பாதுகாப்புங்கறது பேர்லயே இருக்கு.”

மனைவி நம்பாமல் நிற்கவே, சமையலறை காலண்டரைக் கிழித்து விளக்கினார். பால் 900, காய்கறி 1,400, மளிகை 3,200, மொத்தம் 5,500. நாலையும் நாலு சீட்டில் எழுது. காய்கறிச் சீட்டு தொலைந்துபோனாலும் கவலையில்லை. மொத்தத்திலிருந்து மற்ற இரண்டைக் கழித்தால் 1,400 தானாக வந்துவிடும். அந்த மொத்தச் சீட்டுக்குப் பெயர்தான் பாரிட்டி. டிஸ்கில் கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஆர் என்ற கணக்கு நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ரெய்டு 6-இல் வேறொரு சூத்திரப்படி இன்னொரு மொத்தச் சீட்டும் உண்டு. “இதை ஏற்கனவே நான் டைரியில எழுதித்தானே வைக்கறேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுப்பை அணைக்கப் போனார்.

டிஸ்குகளின் இந்தக் கூட்டணிக்கு அரே என்று பெயர். அதைக் கட்டும் படலம் மாலை நாலு மணிக்குத் தொடங்கியது. டிஸ்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக, நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தாலும், 4 டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லிஃப்டில் சொன்ன பதினொண்ணு கணக்கு அதுதான். அதுவரை வீட்டில் மிக்ஸிக்குத் தடை. காரணமும் வைத்திருந்தார். 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முகத்துக்கு நேரே நின்று கத்தினார். அந்த அதிர்வில் டிஸ்குகள் தடுமாறியது திரையில் அப்படியே தெரிந்தது. அந்த வீடியோவை நம்மவர் மாமியாருக்கே போட்டுக் காட்டினார். அன்று ராத்திரி இட்லிக்குப் பொடிதான். சட்னி இல்லை.

லினக்ஸில் அரேயின் நாடி பார்க்க ஒரு கோப்பு உண்டு. எல்லா டிஸ்கும் நலமென்றால் அதில் வரிசையாக நாலு ‘யு’ தெரியும். ஒன்று படுத்துவிட்டால் அதன் இடத்தில் வெறும் அடிக்கோடு. விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் போனில் அந்த நாலு எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பார்.

இரண்டாம் வருஷம் ஒருநாள் அடிக்கோடு விழுந்தேவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோயிருப்பார். இவர் முகத்தில் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த களை! நண்பர்களுக்கெல்லாம் போன் பறந்தது. அலுவலகத்துக்கு லீவு. புது டிஸ்கைச் சொருகி, ரீபில்டு ஓடி, மறுநாள் நாலாவது ‘யு’ திரும்பி வந்தபோது தெருமுனைக் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். ஒரு பைட் கூடக் குறையவில்லை.

குறைந்தது அடுத்த மாசம்தான். ஒரே படம் இரண்டு ஃபோல்டரில் இருக்கிறதே என்று டூப்ளிகேட்டை அழிக்க உட்கார்ந்தார். கைதவறி அசலும் போனது. போனது, மகளின் காதுகுத்து. டிஸ்க் செத்தால் காப்பாற்றும் ரெய்டு, முதலாளியே அழி என்றால் பாரிட்டி உட்பட நாலு டிஸ்கிலும் அதே நொடியில் அழித்துவிடும். வெளியே தனியாக ஒரு பேக்கப் இருந்தால்தான் தப்பிக்க முடியும். நம்மவர் அதை அடுத்த போனஸுக்குத் தள்ளிவைத்திருந்தார்.

இந்த விஷயத்தில் பெரிய இடங்களும் தப்பவில்லை. 1998-இல் பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் டேப்பைப் பார்த்தால், அதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வை சுற்றிக் காரில் ஏற்றி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம்மவருக்கு வாய்த்தவர் மன்னார்குடி பெரியம்மா. வாட்ஸ்அப்பில் வந்த குட் மார்னிங் ரோஜாவைக்கூட அழிக்கத் தெரியாதவர். “இருடா தம்பி, மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கறேன்” என்றவர், முக்கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு படத்தை அனுப்பினார். குழந்தை அழுகிறது, தாய்மாமன் மடி தெரிகிறது, ஆசாரியின் கை மட்டும் மங்கல். அளவு 90 கேபி.

அந்த 90 கேபி இப்போது எட்டு டெராபைட் அரேயில், எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் சாகாதபடி, பத்திரமாக இருக்கிறது. பேக்கப் டிஸ்க் இன்னும் வாங்கவில்லை.