புட்டு மாவும் ஈரப்பனியும்

கேள்வி: பழைய தோட்ட டிராக்டரில் பனிவீசி இயந்திரத்தைப் பூட்டி ஈரப்பனியை அள்ள முடியுமா? (வாசகர், தனுவச்சபுரம்)

பதில்: தனுவச்சபுரத்தில் வானம் மழையைத்தான் கொட்டும். பனிக்கு ஜோஜி லா கணவாய்க்குப் போக வேண்டும். உயரம் 11,500 அடிக்கு மேல். அங்கே எல்லைச் சாலைகள் அமைப்பு இயந்திரங்களால் பனியை வெட்டி வீசி ஸ்ரீநகர்–லே சாலையைத் திறக்கிறது. 1925இல் கியூபெக்கின் ஆர்தர் சிகார் உருவாக்கிய பனிவீசிக்கும் இதே வேலைதான்.

முடியும், பொறுமை இருந்தால்! உலர்பனி புட்டு மாவு, உதிர்ந்து பறக்கும். ஈரப்பனியோ கொழுக்கட்டை மாவு, வீசுகுழாயில் அப்பிக்கொள்ளும். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, வண்டியை ஆமையாய் நகர்த்தி, பாதி அகலம் மட்டும் வாரினால் தாத்தா காலத்து டிராக்டரும் தாக்குப்பிடிக்கும். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவது நல்லது.

குழாய் அடைத்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கம்பால் குத்துங்கள். கையை விடவே வேண்டாம். அணைத்த பிறகும் முறுக்கேறி நிற்கும் அலகு சட்டென்று சுழலும்.