சுவருக்குள் டமார்!

கேள்வி: பாத்ரூமைப் புதுப்பிக்கிறோம். மாடியில் குழாயை மூடினால் சுவருக்குள் 'டமார்' என்கிறது. என்ன செய்வது?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: தறிச் சத்தத்தில் கூலி வரும், குழாய்ச் சத்தத்தில் தூக்கம்தான் போகும். நிறுத்திவிடலாம். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் அந்த வேகம் குழாயை அறைகிறது. கால் சுற்றில் மூடும் குழாய்களில் இது அதிகம். சுவர் உடைத்துக் கிடக்கும் இப்போதே, ஆடும் குழாய்களை ரப்பர் வைத்த கிளாம்ப்பால் இறுக்கச் சொல்லுங்கள். சுவரைத் துளைக்கும் இடத்தில் ஃபோம் உறை அவசியம். சிமென்ட் நேராகக் கவ்வினால் சுவரும் சேர்ந்து அதிரும். வெந்நீர்க் குழாய் சூட்டில் நீளும், அதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். பிரஷர் பம்ப் இருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். டைல்ஸ் ஒட்டுமுன் எல்லாக் குழாயையும் திறந்து மூடிக் காது கொடுத்துக் கேளுங்கள். பிளம்பரை அதுவரை அனுப்பாதீர்கள்.