ஒண்ணு குறையுதே!

லண்டனில் மகள் வீட்டுக்கு நாங்கள் போய்ப் பதினைந்தாவது நாள், "அப்பா, அமைதித் தோட்டத்துக்குப் போலாமா?" என்றாள். யாருக்கு அமைதி தேவைப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

லாம்பெத் சாலைப் பூங்காவுக்குள் இருக்கிறது திபெத்திய அமைதித் தோட்டம். 1999 மே மாதம் தலாய் லாமாவே வந்து திறந்துவைத்தது. இடம் பார்த்துக் கொடுத்தவர் குசும்புக்காரராக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடம் போர் அருங்காட்சியகம். வாசலில் ஆளுக்கு 100 டன் எடையில் இரண்டு கப்பல் பீரங்கிகள். அந்தக் கட்டடமும் 1930 வரை பெத்லம் மனநல மருத்துவமனையாக இருந்ததுதான். கூச்சல் குழப்பத்துக்கு ஆங்கிலத்தில் 'பெட்லம்' என்கிறார்களே, அந்த ஆஸ்பத்திரியின் பெயர்தான் அப்படித் திரிந்தது.

நுழைந்ததும் ஒரு கல்தூண். தலாய் லாமாவின் செய்தியை நான்கு மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள்: திபெத்தியம், ஆங்கிலம், சீனம், இந்தி. நான் தூணைச் சுற்றி இரண்டாம் முறை வந்தேன்.

"என்னப்பா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. இந்தி இருக்கு பாரு, அதான்."

"அப்பா, ப்ளீஸ். இங்கயுமா?"

நடுவில் வெண்கலத்தில் காலசக்கர மண்டலம். அதைச் சுற்றி எட்டுக் கல் இருக்கைகள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வலமாக நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று முடிந்ததும் நின்று விரல்விட்டு எண்ணினாள்.

"என்னங்க, எட்டுதான் இருக்கு. ஒண்ணு குறையுதே! யாரு, கேதுவா?"

இது நவக்கிரகம் இல்லை, புத்தர் சொன்ன எண்வகை நெறி, நற்காட்சி, நல்வாய்மை என்று ஆளுக்கொரு கல் என மகள் விளக்கினாள். நான் கைக்கு எட்டிய கல்லில் உட்கார்ந்தேன். "அது நல்வாய்மையா இருந்தா எழுந்திருங்கப்பா, கல்லு தாங்காது" என்றாள். அவள் அம்மா அதற்குள் வேறொரு கல்லில் தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டாள். சாண்ட்விச் கடித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் புளியோதரை வாசனைக்குத் திரும்பிப் பார்த்தான். அரை மணி நேரம் மூன்று பேரும் பேசவில்லை. வாயில் சோறு இருந்தது.

கிளம்பும்போது இங்கே ஒரு படம் எடுக்கலாம் என்றேன். மனைவி சம்மதிக்கவில்லை. "வெறுங்கல்லுல என்ன இருக்கு?" என்று பீரங்கிக்கு அடியில் போய் நின்றாள். மகள் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டாள். மதுரையிலிருந்து என் தங்கை உடனே பதில் அனுப்பினாள்:

"மதினி, சூப்பர்! அங்கயும் பைப்பு பதிக்கத் தோண்டிப் போட்ருக்கானா?"