கழிவு போக மிச்சம்

இலங்கை மலையகத்தில் 'சீசன்' என்னும் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு பொருள் இருப்பதால், பண்டிகைக் காலத்தில் தன் படங்களை விற்க முனையும் தனிக் கலைஞரைப் பற்றி ஆராயப் புகுவோர் முதலில் அச்சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்தில் அது டிசம்பர்ப் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தைக் குறிக்கும். தேயிலைத் தோட்டத்தில் மழை விழுந்து கொழுந்து பொங்கும் வாரங்களைக் குறிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா டவுனிலோ, கொழும்பு வெக்கைக்கு அஞ்சிய வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கிவைத்ததும், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிறகரி வாவிப் படகோட்டம் ஆகியவற்றோடு சித்திரைப் புத்தாண்டும் கூடிவருவதுமான ஏப்ரல் மாதத்தையே குறிக்கும். தனிக் கலைஞர் என்பவர் சம்பளமோ முகவரோ கூடமோ இன்றித் தானே வரைந்து தானே விற்பவர் ஆவார். தோட்டத்து வழக்கில் இதற்கு நேரான சொல் 'வேலைக்குப் போகாத பொடியன்' என்பதாகும். வயது நாற்பதைத் தாண்டினாலும் இப்பொருளில் மாற்றம் ஏற்படுவதில்லை.

இவரது கலைக்கூடம் காம்பரா எனப்படும் லயத்து அறை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பிலுள்ள ஓர் அறை, ஆகும். 10 அடிக்கு 12 அடி என்ற பழைய கணக்கில் கட்டப்பட்ட அவ்வறையில் குடும்பமும் வசிக்க வேண்டியிருப்பதால், ஓவியம் பெரும்பாலும் இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னுள்ள திண்ணை போன்ற விறாந்தையில், போகிற வருகிற அனைவரின் மேற்பார்வையிலும் உருவாகிறது. எண்ணெய் வண்ணம் சில நாட்களில் காய்ந்துவிடும் என்பது அதைச் செய்தவர்களின் கருத்து. நானுஓயாப் பனிமூட்டத்துக்கு அக்கருத்தில் உடன்பாடு இல்லை. ஆகவே பங்குனி மாதம் முழுவதும் படங்கள் அடுப்புக்கு மேலே, ஈர விறகுக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. அங்கே புகைபிடித்துப் பழுப்பேறியதை 'அந்தக் காலத்துப் படம்' என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்போரும் டவுனில் உண்டென்பதால், அடுப்பை ஒரு குறையாகக் கொள்வதற்கில்லை. வண்ணம் வாங்கக் காசில்லாத மாதங்களில் சாயத் தண்ணி கைகொடுக்கிறது. பாலில்லாத தேநீருக்குத் தோட்டத்தில் வழங்கும் பெயர் இது. சாயம் என்றாலே வண்ணம் என்பதால், அதைத் தொட்டு வரைவது சொல்லாராய்ச்சிப்படியும் சரியானதே. குடிக்கும் குவளையும் தூரிகை கழுவும் குவளையும் அருகருகே இருப்பதுதான் இம்முறையிலுள்ள ஒரே ஆபத்து.

எதை வரைவது என்ற கேள்வியில் கலைஞருக்குச் சுதந்திரம் உண்டு என்று கூறப்படுகிறது. நடைமுறையில் விற்பது ஒரே படந்தான்: கூடையோடு, நெற்றிப்பொட்டோடு, பார்ப்பவரை நோக்கிச் சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண். இந்தப் பெண் பல தலைமுறைகளாக உலகம் சுற்றியவள். 1935இல் வெளியான இலங்கைத் தபால்தலைத் தொகுதியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு ஒரே சட்டத்துக்குள் கொழுந்து பறிக்கும் காட்சியும் இடம்பெற்றது. அந்தத் தலை ஒட்டிய கடிதம் எந்த நாட்டுக்குள்ளும் கேள்வியின்றி நுழைந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, படத்தில் இருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். படத்துக்குக் கிடைத்த மரியாதை ஆளுக்குக் கிடைப்பதில்லை என்ற இவ்வுண்மை கலைஞருக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் அமையலாம். அவருக்கோ படம் விற்றபாடில்லை.

அத்தகைய படமொன்று இஸ்தோப்பில் காய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வழங்கிய திறனாய்வு, இத்துறையில் இதுவரை வந்தவற்றுள் மிகச் சுருக்கமானது எனலாம். மலையிலிருந்து இறங்கி, இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறியவர், அதாவது ஈரமும் செடிக் கீறலும் சேலையில் படாமலிருக்கச் சுற்றிக்கட்டும் முரட்டுத் துணியை உதறியவர், கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைச் சவர்க்காரத்தைத் தேய்த்து விழுத்தியபடியே படத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இந்தப் புள்ள ஒத்தக் கையால பறிக்குதே, மத்தக் கை என்னா பண்ணுது?"

மற்றக் கை கன்னத்தில் இருந்தது.

"இப்புடிச் சிரிச்சுக்கிட்டு நின்னா கங்காணி அரைப்பேருதான் போடுவாரு."

அரைப்பேர் என்பது அன்றைக்கு விதித்த நிறையைப் பறிக்காதவருக்கு, வேலையை மேற்பார்க்கும் கங்காணி அரைநாள் சம்பளம் மட்டும் பதியும் முறையாகும். அந்தப் பெண்ணின் பத்து விரல்களும் செடியில் இருந்திருக்க வேண்டும். கண்ணும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் மழைக்குப் போர்த்திய பொலித்தீன், காலில் குறைந்தது ஓர் அட்டை. கலைஞர் இவை அனைத்தையும் அறிந்தவர். அவரது தாயும் மலைக்குப் போனவர்தான். அறிந்தே கழித்திருந்தார்.

விற்பனை முறையைப் பொறுத்தவரை மலையகத்துக்குச் சிறப்பான முன்மாதிரி ஒன்று உண்டு. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் வழக்குப் பாய்ந்த காலத்தில், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடியதோடு, 1940இல் தம் பாடல்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். பாட்டை அச்சடித்து, தோட்டந்தோறும் பாடிக்காட்டிச் சில சதங்களுக்கு விற்ற கவிஞர்களும் இருந்தனர். தனிக் கலைஞரின் வம்சாவளி அங்கிருந்தே தொடங்குகிறது. புடவையைக் காட்டிக் கருத்தை விற்றவர் நடேசய்யர். இன்றைய கலைஞரோ நுவரெலியாத் தெருவோரத்தில் படங்களை விரித்துவைத்து, "சுவெட்டர் இல்லையா?" என்ற கேள்விக்கு நாள் முழுதும் விடை சொல்கிறார். ஏப்ரல் மாதக் குளிரில் கலையைவிடக் கம்பளி அவசரமானது என்பதை நடுநிலையாளர் எவரும் ஒப்புக்கொள்வர்.

நடைபாதைக்கு வரும் இரசிகர் ஒரு கையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டியும் மறு கையில் லீக்ஸ் கட்டுமாக நிற்பதால், படத்தை வாங்கினால் எதைக் கீழே வைப்பது என்பதே அவரது முதற்சிக்கல். அவர் படத்தின் முன்னால் நின்று தம்மைப் படமெடுத்துக்கொள்கிறார், "கீயத?" என்று சிங்களத்தில் விலை விசாரிக்கிறார்; பிறகு "ஒரு சுத்துச் சுத்திட்டு வாறம்" என்கிறார். 'வாறம்' என்ற வினைமுற்று இலக்கணத்தில் வருகையையும் சந்தையில் வராமையையும் உணர்த்தும். நிற்பவர் பேரம் பேசத் தொடங்கினால், அது கொழுந்து நிறுவையின் மறுபதிப்பாகிவிடுகிறது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய ஈரத்துக்கு இவ்வளவு என்று சில கிலோவை நீக்கிவிட்டு எழுதுவதைக் 'கழிவு' என்பர். அதேபோல், சட்டத்தின் மூலையில் விரிசலுக்கு இவ்வளவு, புகைக்கறைக்கு இவ்வளவு என்று வாங்குபவர் கழித்துக்கொண்டே போக, கடைசியில் எஞ்சும் தொகை பஸ் காசுக்குச் சமமாகிறது.

தீபாவளி வேறு சீசன். அப்போது வாங்குபவர் தோட்டத்து மக்களே. தீபாவளி முற்பணம் என்று நிர்வாகம் கொடுத்துப் பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடன் கையிலிருக்கும் அந்தச் சில நாட்களில், துணிக்கும் பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் போக ஏதும் மிஞ்சினால், இறந்துபோன தகப்பனாரின் படத்தைப் பெரிதாக வரையச் சொல்வர். மூலப்பிரதியாகக் கிடைப்பது அடையாள அட்டையிலுள்ள கட்டைவிரலளவுப் படம் மட்டுமே. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது என்பதால், சில குடும்பங்களில் அதுவே பெரியவர் ஆயுளில் எடுத்துக்கொண்ட முதற்படமும் கடைசிப்படமும் ஆகும். கூடவே ஒரு நிபந்தனையும் வரும்: "அப்பாவுக்குக் கோட்டு ஒண்ணு போட்டு விடுங்கண்ணே." ஏப்ரலில் படங்கைக் கழற்றிய அதே தூரிகை ஐப்பசியில் கோட்டு மாட்டுகிறது. கோட்டின் பொத்தான்களில் கலைஞர் காட்டும் கவனம் பாராட்டத்தக்கது.

ஒற்றைக் கைப் பெண்ணின் படம் அவ்வாண்டு சீசனில் விற்கவில்லை. மழை நாளொன்றில் கலைஞர் அதை மீண்டும் எடுத்து, கன்னத்திலிருந்த கையைச் செடிக்கு இறக்கி, கண்ணைத் தாழ்த்தி, இடுப்பில் படங்கைக் கட்டி, அட்டையையும் உரிய இடத்தில் சேர்த்தார். அடுத்த ஏப்ரலில் அதன்முன் ஒருவரும் நின்று தம்மைப் படமெடுக்கவில்லை. ஐப்பசியில், முற்பணம் கொடுத்த மறுநாள் மாலை, பெரியம்மா இஸ்தோப்புக்கு வந்து அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பிடித்து விலை கேட்டார். கலைஞர் தயங்கித் தயங்கி ஒரு தொகையைச் சொன்னார்.

"சரி," என்றார் பெரியம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி. "சட்டத்துக்கு எவ்ளோ கழிக்கிற?"