பனிமூட்டத்துக்குப் பட்டா: மோசமான வானிலையில் மலையைப் படம் எடுப்பது குறித்த ஓர் ஆய்வு

ஃபோட்டோவைத் தமிழில் புகைப்படம் என்பதா, ஒளிப்படம் என்பதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. படம் ஒளியால் ஆவது, அதில் புகைக்கு என்ன வேலை என்று ஒளிப்படக் கட்சியார் கேட்கிறார்கள். ஊரே அப்படித்தான் சொல்கிறது என்பதைத் தவிர, புகைப்படக் கட்சியாரிடம் இதற்குப் பதில் இல்லை. மழைக்காலப் பிற்பகல் ஒன்றில் கொடைக்கானல் தூண் பாறைக்கு எதிரே போய் நின்றால் பதில் கிடைத்துவிடும். சுமார் 400 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் மூன்று கருங்கல் தூண்களைப் பார்க்கத்தான் எல்லோரும் வந்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் இருப்பதோ வெண்புகை மட்டும். கூட்டம் சளைக்காமல் அந்தப் புகையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். புகைப்படம் என்பது காரணப்பெயராகும் இடம் அதுதான். வெயிலில் எடுத்தது ஒளிப்படம், மூட்டத்தில் எடுத்தது புகைப்படம் என்று பங்கு பிரித்துக்கொண்டால் பழைய வழக்கு ராசியாகிவிடும். ஆனால் அந்த இடத்திலேயே புதிய வழக்கு ஒன்று முளைக்கிறது. பளிச்சென்ற வெயில் காசில்லாமல் கிடைக்கும்போது, மனிதர் ஏன் நனைந்துகொண்டு போய் மூட்டத்தைப் படம் எடுக்கிறார்? அதைப் பார்ப்பவர்கள் வெயில் படத்தை ஒதுக்கிவிட்டு மூட்டப் படத்தில் ஏன் கண்ணை நிறுத்துகிறார்கள்?

ஆய்வு என்றால் வரையறை வேண்டும். பார்வை எட்டும் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அது மூடுபனி என்பது வானிலைத் துறையின் கணக்கு. ‘மோசமான வானிலை’ என்பதற்கு அப்படித் துல்லியமான அளவுகோல் இல்லை. தமிழில் ஒன்று உண்டு, ஆனால் அது தலைகீழாக இருக்கிறது. மழை பெய்யாத வானத்தைத்தான் நம்மவர்கள் பொய்த்த வானம் என்றார்கள். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம் வான்சிறப்பு. அங்கே சிறப்பிக்கப்படுவது மழை. நீல வானத்துக்கு அதில் இடமில்லை. இந்த வழக்கின்படி, துடைத்துவிட்டாற்போன்ற நீல வானத்தைப் படம் எடுப்பவர் பொய் சொல்லும் ஆசாமியை முகத்துக்கு நேரே படம் எடுக்கிறார் என்றாகும். இந்தச் சிக்கலுக்குள் நுழையாமல், சட்டை நனைந்து, லென்ஸ் மங்கி, வேன் டிரைவர் “கிளம்பலாமா சார்?” என்று மூன்றாம் முறை கேட்கும் நிலையே மோசமான வானிலை என்று இக்கட்டுரை கொள்கிறது.

இனி கருதுகோள். இதை வருவாய்த் துறைச் சொற்களில் சொன்னால்தான் தெளிவாக இருக்கும்: வெயிலில் தெரியும் மலை புறம்போக்கு, மூட்டத்தில் தெரியும் மலை பட்டா நிலம். புறம்போக்கில் யார் வேண்டுமானாலும் மாடு மேய்க்கலாம். வெயில் நாளின் தூண் பாறையும் அப்படித்தான். தாத்தா எடுத்த படமும் பேரன் எடுத்த படமும் வாழ்த்து அட்டைக் கடையில் தொங்கும் படமும் ஒன்றுபோலவே இருக்கும். சட்டையின் காலரைப் பார்த்துத்தான் எந்தக் காலத்துப் படம் என்று சொல்ல முடியும். மூட்டத்தின் கதை வேறு. நடுத்தூணின் தோள் மட்டும் தெரிந்து, இடத்தூண் இடுப்புவரை கரைந்து, கீழே பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் பால் நின்ற அந்த நிமிடம் முன்பும் வந்ததில்லை, பின்பும் வராது. அப்போது அங்கே நின்றவரின் பெயருக்கு வானம் பட்டா எழுதிக் கொடுத்துவிடுகிறது. நிலத்தின் வடிவத்தைக் காட்டும் அளவை வரைபடத்துக்கு வருவாய்த் துறையில் புலப்படம் என்று பெயர். அந்தப் பருவத்தில் நிலத்தில் என்ன நின்றது என்பதை எழுதி வைக்கும் கணக்கு அடங்கல். வெயில் படம் மலையின் புலப்படம், மூட்டப் படம் மலையின் அடங்கல். அடங்கலுக்கு உரிய பசலி ஆண்டு தமிழ்நாட்டில் ஜூலை 1-ல், மலையில் மூட்டம் இறங்கும் பருவத்தில், பிறப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் இக்கட்டுரைக்கு மிகவும் தோதான தற்செயல்.

மூட்டம் இந்த வேலையை எப்படிச் செய்கிறது? சமவெளியின் ஈரக் காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்கிறது, ஈரம் துளிகளாகிறது. துளி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அதுவே மிகப் பெரியது. அதனால் அது நீலம், சிவப்பு என்று ஓரவஞ்சனை பார்க்காமல் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிக்கிறது. மூட்டம் வெள்ளையாக இருப்பதன் காரணம் இதுதான். தெளிந்த காற்றின் மூலக்கூறுகள் நீலத்தை மட்டும் கூடுதலாகச் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகிறது. தள்ளிப் போகப் போக மலை வெளிறும் என்பதை லியனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார். தெளிந்த நாளில் அந்த வெளிறலைப் பார்க்க முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மலைத்தொடர் வேண்டும். மூட்டத்தில் வரிசையாக நாலு பைன் மரம் போதும். முதல் மரம் கறுப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது நிழல், நான்காவது சந்தேகம். ஒரு மலைத்தொடரின் ஆழத்தை ஐம்பது மீட்டருக்குள் சுருட்டித் தரும் வித்தை இது. நனைந்த பாறையும் மரப்பட்டையும் காய்ந்திருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். மேல்பூசிய நீர்ப்படலம் வெளிச்சத்தின் ஒரு பகுதியைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பின்னால் வெள்ளை, முன்னால் ஈரக் கறுப்பு என்று வானம் பின்திரை கட்டிக் கொடுத்துவிடுகிறது. கேமரா மட்டும் ஒத்துழைப்பதில்லை. உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் ஒளிமானிக்குக் கற்பிக்கப்பட்ட வேதம். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் அதையும் அழுக்குச் சாம்பலாக்கித் தரும். ஒரு படி வெளிச்சம் கூட்டி வைத்தால்தான் மூட்டம் மூட்டமாக விழும். அரசாணை இருந்தும் தாலுகா அலுவலகத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது அல்லவா, அதுபோல.

கருதுகோளுக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து குவித்தார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் எழுதியிருக்கிறார். வரைந்த கையோடு பத்திரப் பதிவு. நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டிகிளிட்ஸ் 1893 பிப்ரவரி 22 அன்று ஐந்தாம் அவென்யூவில் கொட்டும் பனிப்புயலில் மூன்று மணி நேரம் நின்று, குதிரை வண்டி ஒன்று எதிரே வரும் நொடிக்காகக் காத்திருந்து படம் எடுத்தார். பிறர் நிலத்தில் அனுபவ பாத்தியம் கொண்டாட நம் சட்டம் 12 ஆண்டு கேட்கிறது. பனிப்புயல் மூன்றே மணி நேரத்தில் ஒரு பொதுத் தெருவை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. தொல்காப்பியமும் நம் பக்கமே. அகத்திணையில் மலைக்குக் கூதிரும் யாமமும், காட்டுக்குக் காரும் மாலையும் ஒதுக்கப்பட்டன. வேனிலும் நண்பகலும் பாலைக்குப் போயின, பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. நண்பகல் வெயிலில் எடுத்த மலைப்படம் ஒன்று செல்பேசித் திரையில் வந்ததும் கட்டைவிரல் அதை மேலே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. அந்தப் பிரிவை இலக்கணம் முன்கூட்டியே கண்டு சொல்லிவிட்டது.

இனி, பழைய உரைகாரர்கள் வழியில், கடாவும் விடையும். முதற்கடா: மறைப்புதான் மதிப்பு என்றால் சுண்ணாம்பு அடித்த சுவரைப் படம் எடுத்தால் போதாதா? விடை: போதாது. எல்லைக்கல் இல்லாத நிலத்துக்குப் பட்டா இல்லை. மூட்டம் முழுதாக மூடிவிட்டால் நிலம் மறுபடி புறம்போக்காகிறது, ஒருவர் வெள்ளைக்கும் இன்னொருவர் வெள்ளைக்கும் வேற்றுமை இல்லை. ஒரு கிளை, ஒரு பாறையின் தோள், கைப்பிடிக் கம்பியில் வரிசையாகத் தொங்கும் நீர்த்துளிகள் என்று ஏதாவது ஒன்று தெரிந்தாக வேண்டும். இரண்டாம் கடா: கன்னியாகுமரியில் விடியலுக்கு முன்பே எழுந்து வருகிறவர்கள் மேகத்தைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்கிறார்களே? விடை: அவர்கள் வந்தது நிலக்காட்சிக்கு அன்று, சூரியனோடு குறித்த சந்திப்புக்கு. அழைத்தவர் வராவிட்டால் கோபம் வருவது இயல்பு. ஆனால் அவர்களே வீடு திரும்பிப் பிறருக்குக் காட்டுவது சிவப்பும் ஊதாவும் பிடித்த மேகங்கள் இருக்கும் படத்தைத்தான். வெறும் வானத்தில் அந்தச் சிவப்பு ஒட்டிக்கொள்ள இடமில்லை.

மூன்றாம் கடா கொஞ்சம் வலுவானது. இப்போது செல்பேசிச் செயலியிலேயே மூட்டம் பூசலாம், வானத்தையே மாற்றலாம். இனி எதற்கு நனைவது? விடை: போலிப் பத்திரம் புதிய சரக்கு அன்று. பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் எடுத்துத் தொடுவானத்தில் ஒட்டவைத்தார். அக்காலத் தகடுகள் நீலத்துக்கு அளவுக்கு மீறி மயங்கியதால், கடலைச் சரியாகப் பிடித்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதாவது, அன்று எந்தப் படத்திலும் வானம் சும்மாவே மூட்டமாக விழுந்தது, மனிதர் பாடுபட்டு மேகத்தை வரவழைத்தார்கள். இன்று கருவி நீலத்தைச் சும்மா தருகிறது, மனிதர் பாடுபட்டு வெள்ளையைத் தேடிப் போகிறார்கள். கருவி எதை இலவசமாகக் கொடுக்கிறதோ அது புறம்போக்கு என்ற நம் விதி இதனால் இரட்டிப்பாக உறுதியாகிறது. செயலி பூசும் மூட்டமும் இலவசம்தான், அதற்கும் அதே கதி.

நான்காம் கடா கொடைக்கானலிலிருந்தே எழுகிறது. அவ்வூரில் 1899-ல் நிறுவப்பட்ட கதிரவ ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. மூட்டம் வந்தால் அங்கே வேலை நின்றுவிடும். தெளிந்த வானத்தில் எடுத்த அந்தப் படங்களை உலகம் பொக்கிஷமாக மதிக்கிறதே, கருதுகோள் என்னாவது? விடை: என்ன எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஜான் எவர்ஷெட் 1909-ல் அங்கே கண்டறிந்தது கதிரவப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை. நாள்தோறும் முளைத்து மறையும் புள்ளிகளும் பீறிடும் பிழம்புகளும் சூரியனின் மோசமான வானிலை அல்லாமல் வேறென்ன? இங்கே வானம் தெளிந்திருந்தது அங்கே அடித்த புயலைப் பார்க்கத்தான். ஒரு நாள் படம் மறுநாள் படமாக இல்லாததால்தான் தேதி போட்டு நூறாண்டு காத்தார்கள். எதிர்ச்சான்று என்று கொண்டுவந்தது நம் பக்கமே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

ஐந்தாம் கடாவுக்கு மட்டும் இக்கட்டுரை விளையாட்டை நிறுத்தி விடை சொல்கிறது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் மீனவர் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார், கேமராக்காரர் அலையைத் தேடிக் கரைக்கு ஓடுகிறார். கூரை பறிக்கும் காற்றும் அழகுதானா? அன்று. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளுக்கு ஏற்கெனவே பட்டாதாரர்கள் இருந்தார்கள். அந்த நிமிடமும் அவர்களுக்கே சேரும், வேடிக்கை பார்க்க வந்தவர் அதற்குப் பெயர் மாற்றம் கேட்க முடியாது. இன்னொருவரின் வாசலுக்குள் புகாத மழைவரைதான் இக்கட்டுரையின் சட்டம் செல்லும்.

மிச்சம் ஒரு கடா. எல்லோரும் மூட்டத்துக்கே கிளம்பிவிட்டால் மூட்டமும் புறம்போக்காகாதா? ஆகும். அப்படி ஆகும் நாளில், மழைக்காலத்தின் நடுவே ஒரு பிற்பகல் மூன்று தூணும் அடிவரை தெரிய வானம் திறந்தால், அந்த வெயில் படத்துக்குப் பட்டா கிடைக்கும். இக்கட்டுரை மூட்டத்துக்கு வக்காலத்து வாங்கியதாக எண்ணியவர்கள் இங்கே திருத்திக்கொள்ளலாம். கேட்பது மறுநாள் வராத ஒன்றை மட்டுமே, மூட்டம் அதைப் பெரும்பாலும் தருகிறது. திடீரென்று காற்று அடித்துத் திரை அரை நிமிடம் விலகும்போது கைப்பிடிக் கம்பி ஓரம் ‘ஓ’வென்று கூச்சல் எழும், அத்தனை கைகளும் மேலே போகும், மறுபடி மூடிக்கொள்ளும். அந்த அரை நிமிடத்துக்கு வழங்கப்படுவது கூட்டுப் பட்டா. அதுவும் வாய்க்காமல், டிரைவரின் நான்காம் அழைப்புக்கு இணங்கித் திரும்புகிறவர்கள் போகிற போக்கில் தூண் பாறை என்று எழுதிய பெயர்ப்பலகையின் முன் குடும்பத்தோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் பாறை இருக்காது, வெள்ளை மட்டும் இருக்கும். அதைப் பிற்பாடு அழித்துவிட வேண்டாம் என்பதே இந்த ஆய்வின் ஒரே பரிந்துரை. முதற்கடாவின் விடையில் எல்லைக்கல் ஒன்று வேண்டும் என்றோம். அந்தப் பலகை எல்லைக்கல்தான். பத்திரம் செல்லும்.