எட்டாத போல்ட்டு

தேயிலை வெட்டும் மெஷினை வடிவமைத்தவருக்குக் கை என்று ஒன்று உண்டா? பிக்கட்டிப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்குத் தீராத சந்தேகம் இது. கார்புரேட்டரின் ஒரு போல்ட்டு கேட்டவுடன் வந்துவிடும். இன்னொன்று பின்னால் பதுங்கியிருக்கும். அதைப் பார்த்தால் கை எட்டாது, கை எட்டினால் பார்க்க முடியாது. மார்கழிப் பனியில் விறைத்த விரலுக்கு நட்டும் தெரியாது, பட்டும் தெரியாது.

"மெக்கானிக் எதுக்கு, நாமே பார்த்துக்கலாம்" என்று உட்கார்ந்தவர், அரைமணியில் மனைவியை டார்ச் பிடிக்கவும் மகனைக் கை நுழைக்கவும் வேலைக்கு அமர்த்தியிருப்பார். கூலி மிச்சம்!

ஓபன் ஸ்பேனரின் வாய் 15 டிகிரி சாய்ந்திருப்பது தயாரிப்புக் கோளாறு அல்ல, இப்படிப்பட்ட இடுக்குக்காகத்தான். ஆறுமுக போல்ட்டைத் திருப்ப 60 டிகிரி இடம் வேண்டும்; ஸ்பேனரை ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போட்டால் 30 போதும். ஒரு சுற்றுக்கு 12 புரட்டு. ஆறுமுகனே துணை.

நாகப்பட்டினத்து ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டாரிலும் இதே கண்ணாமூச்சிதான். அங்கே உப்பு வேறு போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். இங்கே கைநழுவினால் செடிக்குள் தேடலாம், அங்கே கடல்.

திரும்ப மாட்டும்போது சாக்கெட்டுக்குள் துளி கிரீஸ் வையுங்கள், போல்ட்டு விழாது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். விரலுக்கு ஸ்பேர் கிடைக்காது.