ஷிப்டு முடிந்தபின் டெக்னோ

கேள்வி: பெங்களூரு கிளப்புகளில் அதிரும் டெக்னோ, பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்குதானே? ஷிப்டு முடித்து வரும் எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
- சிப்காட் வாசகர், ஓசூர்

பதில்: அதைப் பெற்றெடுத்ததே உங்கள் ஊர் மாதிரி ஒரு ஊர்தான்! கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன டெட்ராய்ட் வட்டாரத்தில், கறுப்பின இளைஞர்கள் சிந்தசைசரும் ரிதம் மெஷினும் வைத்துக்கொண்டு உருவாக்கிய இசை அது. பெரிய இசைக் கம்பெனிகளின் வாசலில் காத்துக் கிடக்காமல், 1985-ல் அவர்களில் ஒருவரான ஹுவான் அட்கின்ஸ் 'மெட்ரோப்ளெக்ஸ்' என்று சொந்த இசை லேபிளே தொடங்கிவிட்டார்.

நம்மவர் ஒருவர் அதற்கும் முந்தி. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் டிபி-303 என்ற சின்ன வெள்ளி நிற சிந்தசைசர் பெட்டியை டிஆர்-808 தாளக் கருவியோடு இணைத்து, பைரவி, கலாவதி உள்ளிட்ட 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். எச்.எம்.வி. வெளியிட்டது, யாரும் சீந்தவில்லை. அதே பெட்டியின் நெளியும் ஒலியை 1987-ல் சிகாகோ இசைக்கலைஞர்கள் வெளியிட்டபோது உலகமே ஆடியது. 2010-ல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற சிறிய லேபிள் மறுபதிப்புப் போட்ட பிறகுதான் சிங்குக்குப் புகழ் வந்தது. பெரிய கம்பெனி கைவிட்டதைச் சின்ன லேபிள் காப்பாற்றியது!

பிரஸ் மெஷினின் தாளம் உங்கள் காதில் தினமும் எட்டு மணி நேரம் ஓடுகிறது. பதிவு செய்யலாம் என்றால், உள்ளே செல்போன் விடமாட்டார்கள். அதனால் மனசில் வாங்கி வந்து லேப்டாப்பில் கோத்துப் பாருங்கள். லேபிளுக்குப் பெயர் வேண்டுமென்றால் எழுதுங்கள், நான் வைக்கிறேன்.